நைட்ரிக் ஆக்சைடு உடலில் இரும்பைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். வாகனப் புகையில் வரும் நச்சு என்று படிக்கும் நைட்ரிக் ஆக்சைடை நம் உடலே தயாரித்து இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்துகிறது என்கிறார்களே, அது எப்படி? அது வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் இரும்பே ஏன் இருக்கிறது? பழுப்பு வளையச் சோதனையில் கிடைக்கும் சேர்மத்தில் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் +1 என்று பாடத்தில் வருவது சரிதானா?

மூன்றும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும் ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்குள் இருப்பதால், கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

நைட்ரேட் உப்பின் கரைசலில் புதிதாகத் தயாரித்த பெர்ரஸ் (இரும்பு +2) சல்பேட் கரைசலைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் உட்சுவரை ஒட்டி அடர் கந்தக அமிலத்தைத் துளித்துளியாக இறக்கினால், கனமான அமிலம் அடியில் போய்த் தங்கி, இரண்டு திரவங்களும் தொடும் தளத்தில் பழுப்பு வளையம் தோன்றும். கை சற்று ஆடினால் வளையம் கலைந்துவிடும் என்பது ஆய்வகத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அங்கே நடப்பது இதுதான்: பெர்ரஸ் அயனிகளில் ஒரு பகுதி நைட்ரேட்டை நைட்ரிக் ஆக்சைடாக ஒடுக்கிவிட்டுத் தாம் பெர்ரிக் (+3) ஆகின்றன, பிறந்த நைட்ரிக் ஆக்சைடு, எஞ்சியிருக்கும் பெர்ரஸ் அயனியைச் சூழ்ந்துள்ள ஆறு நீர் மூலக்கூறுகளில் ஒன்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. உங்கள் மகள் அந்தக் குழாயில் பார்க்கும் இரும்பு - நைட்ரிக் ஆக்சைடு பிணைப்புக்கு மிக நெருங்கிய உறவான ஒன்றுதான் அவளது இரத்தக் குழாய்ச் சுவரிலும் உருவாகிறது.

நைட்ரிக் ஆக்சைடின் இணைதிறன் எலக்ட்ரான்கள் 11. ஒற்றைப்படை எண் என்பதால் ஓர் எலக்ட்ரான் இணையின்றி, பிணைப்பைத் தளர்த்தும் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் தனித்து நிற்கிறது. இந்தத் தனி எலக்ட்ரானை இரும்புக்குக் கொடுத்துவிட்டு நைட்ரிக் ஆக்சைடு நேர்மின் அயனியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் இரும்பு +1. கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை என்றால் இரும்பு +2. இரும்பிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி எதிர்மின் அயனியாகிவிட்டது என்றால் இரும்பு +3. பாடத்தில் வருவது முதல் கணக்கு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, சேர்மத்தின் காந்தத் திருப்புத்திறன் சுமார் 3.9 போர் மேக்னட்டான், அதாவது மூன்று இணையற்ற எலக்ட்ரான்கள் என்ற அளவீடு. சிக்கல் என்னவென்றால், மற்ற இரு கணக்குகளும் அதே மூன்றைத்தான் தருகின்றன. பெர்ரஸ் இரும்பின் நான்கு தனி எலக்ட்ரான்களுக்கு எதிர்த்திசையில் நைட்ரிக் ஆக்சைடின் ஒன்று சுழன்றால் மிச்சம் மூன்று. பெர்ரிக் இரும்பின் ஐந்துக்கு எதிராக எதிர்மின் அயனியின் இரண்டு சுழன்றாலும் மிச்சம் மூன்று. காந்தத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

அகச்சிவப்பு நிறமாலை ஓரளவு உதவுகிறது. தனித்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடின் பிணைப்பு 1,876 என்ற அலையெண்ணில் அதிர்கிறது. எதிர்பிணைப்பு எலக்ட்ரானை இழந்தால் பிணைப்பு இறுகி இந்த எண் 2,200-க்கும் மேலே போகவேண்டும். பழுப்பு வளையச் சேர்மத்தில் அது 1,800-ஐச் சற்றே தாண்டிய இடத்தில் இருக்கிறது, அதாவது கூடவில்லை, குறைந்திருக்கிறது. எலக்ட்ரானைக் கொடுத்த மூலக்கூறுக்கு உரிய எண் இது இல்லை என்பதால் +1 என்ற கணக்கு பலவீனமாகிறது. 2002-இல் வந்த விரிவான ஆய்வு இரும்பை +3 என்று வைத்தது. 2019-இல் இந்தச் சேர்மத்தை முதன்முறையாகப் படிகமாக்கிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் +2 என்ற விளக்கத்தின் பக்கம் நின்றார்கள். என் கருத்தில் இந்த எண்கள் நாம் கணக்கு வைத்துக்கொள்வதற்காகப் போட்டவை. எலக்ட்ரான் மேகம் இரண்டு அணுக்களுக்கும் பொதுவாகப் பரவிக்கிடக்கிறது. இந்தத் தலைவலியிலிருந்து தப்புவதற்காகவே 1974-இல் எனமார்க், ஃபெல்தம் இருவரும், இரும்பின் டி எலக்ட்ரான்களையும் நைட்ரிக் ஆக்சைடின் எதிர்பிணைப்பு எலக்ட்ரான்களையும் பிரிக்காமல் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எந்தக் கணக்கில் கூட்டினாலும் பழுப்பு வளையத்தின் எண் 7. ஹீம் என்பது ஹீமோகுளோபின் போன்ற புரதங்களில் இரும்பை நடுவில் தாங்கும் வளைய மூலக்கூறு. பெர்ரஸ் ஹீமுடன் சேரும்போதும் 7, பெர்ரிக் ஹீமுடன் சேர்ந்தால் 6. ஏழு என்றால் இரும்பு - நைட்ரஜன் - ஆக்சிஜன் கோடு ஏறத்தாழ 140 பாகையில் வளைந்திருக்கும், ஆறு என்றால் நேராக நிற்கும் என்பது ஹீம்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் விதி.

கைமாறத் தயாராக இருக்கும் இந்த எலக்ட்ரானே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை. உயிரினங்களில் உள்ள கார்பன் சேர்மங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் எல்லா எலக்ட்ரான்களும் இணையாக இருப்பதால், மிகக் குறைந்த செறிவில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கு அவற்றோடு நேரடியாகச் சேர வழி குறைவு. அது விரைந்து சேர்வது தன்னைப்போலவே இணையற்ற எலக்ட்ரான் கொண்டவற்றோடும், டி ஆர்பிட்டால்கள் திறந்திருக்கும் உலோகங்களோடும். அந்த உலோகங்களில் செல்லுக்குள் அதிகமாகவும், சேர ஏற்ற வடிவிலும் இருப்பது இரும்பு. இதிலும் ஒரு தரவரிசை உண்டு. ஒரு பக்கம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பிடித்திருக்கும் பெர்ரஸ் ஹீமை எடுத்துக்கொண்டால், அது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனைவிடச் சுமார் 1,000 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும், நைட்ரிக் ஆக்சைடை அதைவிடவும் இன்னொரு 1,000 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். புரதங்கள் இந்த விகிதத்தைத் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்கின்றன. ஹீமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான விகிதம் 200-ஐ ஒட்டி இறங்கிவிடுவது, ஆக்சிஜனுக்கு மட்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகொடுக்கும் ஒரு ஹிஸ்டிடின் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால்தான்.

இனி முதல் கேள்வி. நைட்ரிக் ஆக்சைடு காற்றில் பழுப்புப் புகையாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, ஆக்சிஜன் நிறைந்த உடலில் அது எப்படி நிலைத்திருக்கும் என்ற ஐயம் வரும். அந்த வினை நடக்க இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் வேண்டும், ஆகவே வினைவேகம் நைட்ரிக் ஆக்சைடின் செறிவின் இருபடியைப் பொறுத்தது. புகைக்குழாயில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும்போது இணை சட்டென்று கிடைத்துவிடுகிறது. செல்லில் இருப்பதோ நானோமோலார் அளவு. காற்றுடன் சமநிலையிலுள்ள நீரில் 10 நானோமோலார் நைட்ரிக் ஆக்சைடு பாதியாகக் குறையப் பல மணி நேரம் ஆகும். உடலில் அதன் ஆயுள் சில வினாடிகளே என்றால், அதைத் தீர்த்துவிடுவது ஆக்சிஜன் மட்டுமாக இருக்க முடியாது. பெரும்பங்கு இரும்பின் வேலை.

அதைத் தயாரிக்கும் நொதியும் இரும்பு நொதிதான். ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றி, இடையில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் அந்த நொதியின் மையத்தில் ஒரு ஹீம் இருக்கிறது. தான் பெற்றெடுத்த மூலக்கூறு வாசலைக் கடப்பதற்குள் தன் ஹீமிலேயே ஒட்டிக்கொண்டு தன்னையே தடுக்கும் நிலையும் அதற்கு உண்டு.

அங்கிருந்து வெளியேறி, இரத்தக் குழாயின் உள்படலத்திலிருந்து அடுத்துள்ள தசைச் செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடு பரவுகிறது. மின்சுமையற்ற சிறிய மூலக்கூறு என்பதால் செல் சவ்வு அதற்குத் தடையே இல்லை. முயலின் தமனித் துண்டின் உட்புறத்தைத் தெரியாமல் தேய்த்துவிட்டால் குழாயைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கு அது தளர மறுக்கிறது என்பதிலிருந்து, உள்படலம் ஏதோ ஒரு பொருளை வெளியிடுகிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் அறிவித்தார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று துலங்கியதன் பேரில் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான சால்வடோர் மொன்காடா அதில் விடுபட்டது நியாயம்தானா என்ற பேச்சு இன்றும் உண்டு.

தசைச் செல்லில் அது தேடிச் சேரும் இலக்கு, கரையும் குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதி. அதன் பீட்டா துணையலகில் 105-ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின், ஹீமின் இரும்பை ஒரு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, எதிர்ப்பக்கம் காலி. ஹீமோகுளோபினில் ஆக்சிஜனுக்குக் கைகொடுக்கும் ஹிஸ்டிடின் போன்ற எதுவும் இங்கே இல்லாததால், செல்லில் நைட்ரிக் ஆக்சைடைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருக்கும் ஆக்சிஜன் இந்த இரும்பைத் தொடுவதே இல்லை. நைட்ரிக் ஆக்சைடு அந்தக் காலி இடத்தில் அமர்ந்ததும், அது கொண்டுவந்த எலக்ட்ரானின் ஒரு பங்கு, இரும்பின் மேலும் கீழுமாக நீளும் அச்சில் எதிர்பிணைப்புத் தன்மையோடு பரவி, எதிர்ப்பக்கம் இருக்கும் ஹிஸ்டிடினின் பிடியைத் தளர்த்துகிறது. பிடி அறுந்துபோகிறது. அந்த ஒரு பிணைப்பு அறுந்ததன் அசைவு புரதத்தின் மறுமுனை வரை கடத்தப்பட்டு, நொதியின் வேகம் சில நூறு மடங்கு உயர்ந்து, வளைய ஜி.எம்.பி. என்ற தூது மூலக்கூறு மளமளவென்று உருவாகி, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது.

ஹிஸ்டிடின் அறுவதுதான் சாவி என்பதற்கு இரண்டு சான்றுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. கார்பன் மோனாக்சைடும் அதே ஹீமில் சேர்கிறது. ஆனால் அதனிடம் தனி எலக்ட்ரான் இல்லை, ஹிஸ்டிடின் அறுவதில்லை, நொதியின் வேகமும் சில மடங்குதான் கூடுகிறது. இரண்டாவது இன்னும் அழகானது. இரும்பே இல்லாத வெறும் ஹீம் வளையமான புரோட்டோபோர்பைரினை அந்த இடத்தில் வைத்தால், நைட்ரிக் ஆக்சைடு எதுவும் இல்லாமலேயே நொதி முடுக்கிவிடப்படுகிறது என்று இக்னாரோவின் குழு 1982-இல் காட்டியது. பிடிக்க இரும்பு இல்லாததால் ஹிஸ்டிடின் முதலிலிருந்தே விடுபட்டு நிற்கிறது அல்லவா! நெஞ்சுவலி வந்தவுடன் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் சார்பிட்ரேட் மாத்திரை, உடலில் நைட்ரிக் ஆக்சைடாகவோ அதற்கு இணையான ஒன்றாகவோ மாறி, இறுதியில் அறுப்பது இந்தப் பிணைப்பைத்தான். டைனமைட்டில் பயன்பட்ட நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்குத் தரலாம் என்று வில்லியம் முரல் 1879-இல் எழுதியபோது இந்த ஹீமைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அடுத்தது ஹீமோகுளோபின். இங்கேதான் கதை உண்மையிலேயே சிக்கலாகிறது. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினை நைட்ரிக் ஆக்சைடு தொட்டால், இரண்டும் சேர்ந்து நைட்ரேட்டாகிவிடுகின்றன, இரும்பு பெர்ரிக் நிலைக்குப் போய், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. தூது சொல்ல வந்த மூலக்கூறு, சிறுநீரில் போகும் உப்பாக முடிந்துவிடுகிறது. இந்த வினை மிக வேகமானது. ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 150 கிராம் ஹீமோகுளோபின், அதாவது 9 மில்லிமோலை ஒட்டிய ஹீம் இரும்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அத்தனையும் கரைசலாக இருந்தால் அதில் நைட்ரிக் ஆக்சைடின் ஆயுள் மைக்ரோவினாடிக் கணக்கில்தான் வரும். உள்படலத்தில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கு ஒரு பக்கம் தசை, மறுபக்கம் இந்தக் கடல். கடலே அத்தனையையும் விழுங்கிவிடாமல் தசைக்கு ஏதும் மிஞ்சுவது எப்படி என்ற கேள்வி 1990-களில் ஆய்வாளர்களை உண்மையிலேயே திணறடித்தது.

ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் பொதிந்து வைக்கப்பட்டிருப்பதுதான் விடையின் பெரும்பகுதி. ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயின் நடுப்பகுதியை நோக்கி ஒதுங்குவதால் சுவரை ஒட்டி வெறும் பிளாஸ்மா அடுக்கு ஒன்று அமைகிறது. அதைத் தாண்டினாலும், அணுவைச் சுற்றியுள்ள திரவத்தைக் கடந்துதான் நைட்ரிக் ஆக்சைடு உள்ளே போகவேண்டும். இவையெல்லாம் சேர்ந்து விழுங்கும் வேகத்தை 1,000 மடங்கு வரை குறைத்துவிடுகின்றன. ஹீமோகுளோபின் ஏன் புழுவினங்கள் சிலவற்றில் போலப் பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்காமல் நமக்குப் பையில் அடைபட்டிருக்கிறது என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது என் எண்ணம்.

பை கிழிந்தால் என்ன ஆகும் என்பதைக் கதிர் அரிவாள் செல் சோகை காட்டுகிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் 1952-இல் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இதைப் பற்றிய தொடக்கப் பதிவுகளில் அது ஒன்று. அந்நோயில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கசியும்போது, அளவில் அது மிகச் சிறியதாக இருந்தாலும் சுவரை ஒட்டியே ஓடி நைட்ரிக் ஆக்சைடை விழுங்குவதால், குழாய்கள் விரிய மறுக்கின்றன. நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று 2002 முதல் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. சுத்திகரித்த ஹீமோகுளோபினையே செயற்கை இரத்தமாக ஏற்றிப் பார்த்த 1990-களின் முயற்சிகளில் நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் எகிறியதும் இதே காரணத்தால்தான்.

விழுங்கும் குணமே மருந்தாகும் இடமும் உண்டு. பிறந்தவுடன் நுரையீரல் தமனிகள் விரியாமல் நீலம் பாரித்துப்போகும் குழந்தைகளுக்கு, சுவாசிக்கும் காற்றில் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவுக்கு நைட்ரிக் ஆக்சைடைக் கலந்து கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு 1999-இல் அனுமதி கிடைத்தது. மூச்சோடு போன வாயு காற்றறையை ஒட்டிய தமனிகளை விரிக்கிறது. அதைத் தாண்டி இரத்தத்தில் கலந்த கணமே ஹீமோகுளோபின் அதை நைட்ரேட்டாக்கிவிடுவதால், உடலின் மற்றப் பகுதிகளில் இரத்த அழுத்தம் விழுவதில்லை. நுரையீரலுக்கு மட்டும் என்று முகவரி எழுதி அனுப்பியதைப் போல அது வேலை செய்கிறது. விலையாகச் சேரும் மெத்ஹீமோகுளோபின் அளவை மட்டும் இடையிடையே சோதித்துக்கொண்டிருக்கவேண்டும்.

ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை அழிக்க மட்டுமே செய்கிறதா, ஆக்சிஜன் குறைந்த இடங்களில் அதைத் திருப்பித் தரவும் செய்கிறதா என்பது தீராத வழக்கு. தன் பீட்டா சங்கிலியில் 93-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் சுமந்து சென்று இறக்கிவைக்கிறது என்றது ஜோனதன் ஸ்டாம்லரின் குழு. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் நைட்ரைட்டை ஒடுக்கி நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது என்று 2003-இல் மார்க் கிளாட்வின் முதலானோர் சொன்னார்கள். இரண்டாவதன் வேதியியல் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் பிறந்த நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலேயே இருக்கும் அடுத்த ஹீமிலிருந்து எப்படித் தப்பி வெளியே வருகிறது என்பதற்கு எனக்கு நிறைவளிக்கும் விடையை நான் இன்னும் பார்க்கவில்லை. முதலாவதைப் பொறுத்தவரை, அந்தச் சிஸ்டீனை நீக்கிய எலிகளில் எதிர்பார்த்த குறை தெரியவில்லை என்று ஒரு குழுவும், தெரிகிறது என்று இன்னொரு குழுவும் எழுதியிருக்கின்றன.

2012-இல் வந்த ஒரு கண்டுபிடிப்பை இங்கே தவிர்க்க முடியாது. சிறு தமனிகளின் உள்படலச் செல்கள் தசைச் செல்களைத் தொடும் இடத்தில், ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியான ஆல்பா குளோபின் குவிந்திருக்கிறது. அதன் இரும்பு பெர்ரஸ் நிலையில் ஆக்சிஜனோடு இருந்தால், கடந்துபோகும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்குகிறது. பெர்ரிக் நிலையில் இருந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுகிறது. எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதை சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதி முடிவு செய்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் இரும்பின்மேல் இருப்பதும் இல்லாததும் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக அமைந்துவிடுகிறது.

பெர்ரிக் இரும்பு நைட்ரிக் ஆக்சைடைத் தளர்வாகப் பிடிப்பதால், அதைக் கொண்டுசென்று இறக்கிவைக்கும் வாகனமாகப் பயன்படுத்தலாம். இதை மனிதர்களுக்கு முன்பே கண்டுகொண்டவை இரத்தம் குடிக்கும் பூச்சிகள். தென் அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் ரோட்னியஸ் என்ற பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பி செர்ரிப் பழச் சிவப்பாக இருக்கும். அந்த நிறம் நைட்ரோபோரின் என்ற பெர்ரிக் ஹீம் புரதத்தினுடையது. சுரப்பிக்குள் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கையில் புரதம் வாயை மூடிக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடை இறுக்கி வைத்திருக்கிறது. நம் தோலுக்குள் புகுந்து பி.எச். 7.4-ஐச் சந்தித்ததும் வாய் திறந்து வாயுவை விடுகிறது, குழாய் விரிகிறது, பூச்சிக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. காலியான இரும்பில், கடித்த இடத்தில் அரிப்பை உண்டாக்கும் நமது ஹிஸ்டமின் போய் ஒட்டிக்கொள்வதால், தூங்குகிறவருக்குக் கடி தெரிவதும் தாமதமாகிறது. மூட்டைப்பூச்சியும் இதே தந்திரத்தைத் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. அதன் புரதம் உறவே இல்லாத வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, இரும்பைப் பிடித்திருப்பது ஹிஸ்டிடினுக்குப் பதில் சிஸ்டீன், அந்தச் சிஸ்டீனின் கந்தகத்திலேயே இரண்டாவது நைட்ரிக் ஆக்சைடையும் ஏற்றிக்கொள்கிறது.

இதுவரை சொன்னவை ஹீம் இரும்பைப் பற்றியவை. செல்லில் இரும்பு - கந்தகக் கொத்துகளும் உண்டு. அவற்றில் நைட்ரிக் ஆக்சைடு மென்மையாக நடந்துகொள்வதில்லை. அகோனிடேஸ் நொதியின் கொத்தில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கனசதுர மூலைகளில் இருக்கின்றன. மூன்று இரும்புகளைப் புரதத்தின் சிஸ்டீன்கள் பிடித்திருக்க, நான்காவது சிட்ரேட்டைப் பிடிப்பதற்காகத் திறந்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு அதிகமானால் கொத்து சிதைகிறது. சைட்டோபிளாசத்திலுள்ள அகோனிடேஸ் தன் கொத்தை இழந்ததும், நொதி வேலையை விட்டுவிட்டு, தூது ஆர்.என்.ஏ.க்களில் கொண்டை ஊசி வடிவிலுள்ள ஓர் இடத்தில் போய் அமர்ந்து, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினின் உற்பத்தியைக் குறைத்து, இரும்பை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. கொத்து இருக்கிறதா இல்லையா என்பதையே செல், தன்னிடமுள்ள இரும்பின் கணக்காக எடுத்துக்கொள்கிறது.

சிதைந்த இரும்பும் செல்லில் தளர்வாகக் கிடக்கும் இரும்பும் இரண்டு நைட்ரிக் ஆக்சைடையும் இரண்டு கந்தக முனைகளையும் சேர்த்துக்கொண்டு, டைநைட்ரோசில் இரும்பு அணைவாகின்றன. இணையற்ற எலக்ட்ரான்களைக் கண்டறியும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியில் இது 2.03 என்ற ஜி மதிப்பில் தெளிவான முத்திரையைக் காட்டும். 1965 வாக்கில் ஈஸ்டிலும், புற்றுநோய் ஊக்கிகள் கொடுத்த எலிகளின் கல்லீரலிலும் இந்தச் சிக்னல் தெரிந்தது. சோதனைக் குழாயில் இதே முத்திரையைத் தரும் அணைவுகளைத் தயாரித்துவிட்டார்கள். ஆனால் உயிருள்ள செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடு எங்கிருந்து வந்தது என்பதற்கு, உடலே அதை உற்பத்தி செய்கிறது என்ற விடை வர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. இந்தக் குடும்பத்து உப்புகளை ரூசன் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1858-இலேயே சிவப்பும் கறுப்புமாகப் படிகமாக்கி வைத்திருந்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

நுண்ணுயிர்களைக் கொல்ல கிருமிகளை விழுங்கும் நம் மேக்ரோபேஜ் செல்கள் பயன்படுத்துவது இந்த முரட்டு முகத்தைத்தான். காசநோய்க் கிருமி அதற்கும் வழி கண்டிருக்கிறது: தன் உணரிப் புரதத்தின் ஹீமில் நைட்ரிக் ஆக்சைடு சேர்ந்ததும் ஏறத்தாழ 50 மரபணுக்களை இயக்கி உறக்கநிலைக்குப் போய்விடுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஆக்சிஜனை நீராக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் ஹீமில் நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு போட்டியிட்டு அமர்ந்தால், செல்லின் சுவாசம் தற்காலிகமாக நிற்கும். மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறது என்று 2001-இல் ஓர் ஆய்வு முன்வைத்தது: ஒளியுறுப்பின் செல்களில் ஓரமாக அடுக்கியிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் வழக்கமாக ஆக்சிஜனைத் தாமே தீர்த்துவிடும், நரம்பின் தூண்டலால் நைட்ரிக் ஆக்சைடு வந்து அவற்றை ஒரு கணம் நிறுத்தியதும் ஆக்சிஜன் உள்ளே போய், ஒளிதரும் பொருளான லூசிஃபெரினைச் சேர்கிறது.

மீண்டும் உங்கள் மகளின் ஆய்வகத்துக்கு. லாசைன் சோதனையில் கந்தகத்தைக் கண்டறியச் சேர்க்கும் சோடியம் நைட்ரோபுருசைடிலும் இரும்போடு நைட்ரிக் ஆக்சைடு பிணைந்திருக்கிறது, கூடவே ஐந்து சயனைடுகள். இங்கே அதிர்வு அலையெண் 1,940-ஐ ஒட்டி உயர்ந்திருக்கிறது, காந்தத்தன்மை இல்லை, கோடு நேராக நிற்கிறது. ஆகவே நேர்மின் அயனி என்ற கணக்கு இந்தச் சேர்மத்துக்குப் பெருமளவு பொருந்துகிறது. சல்ஃபைடு அயனி நேராக அந்த நைட்ரஜனைத் தேடிப்போய்த் தாக்கி ஊதா நிறத்தைத் தருவதும் அதனால்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியவருக்கு இதே உப்பைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஒளி பட்டால் சிதையும் என்பதால் மருந்துப் புட்டியை அலுமினியத் தாளால் சுற்றியிருப்பார்கள். நிறுத்திய சில நிமிடங்களில் அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கும். அதிக அளவில் நீண்ட நேரம் ஏற்றினால் வெளிவரும் சயனைடையும் கவனிக்கவேண்டும்.

தேர்வைப் பொறுத்தவரை பழுப்பு வளையத்துக்கு +1, நைட்ரோபுருசைடுக்கு +2 என்று பாடத்தில் உள்ளபடியே எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். எழுதி முடித்தபின், இரும்பின் டி எலக்ட்ரான்களையும் நைட்ரிக் ஆக்சைடின் எதிர்பிணைப்பு எலக்ட்ரான்களையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பு வளையத்தில் இரும்பை +1, +2, +3 என்று எப்படி வைத்துக்கொண்டாலும் 7 வரும். நைட்ரோபுருசைடில் 6 வரும்.